நடுவே நிற்க ஓரிடம்

மேடையின் பின்திரையில் நேற்று மணம் முடித்தவர்களின் பெயர்கள் இன்னும் மினுங்கிக்கொண்டிருந்தன. அவற்றுள் மணமகளின் பெயரைத் தன்னுடைய வரைபடம் முழுவதுமாக மறைத்துவிட்டது என்பதை மங்கையர்க்கரசி தாமதமாகத்தான் கவனித்தாள். கவனித்த பிறகு வேறொன்றையும் கவனிக்க முடியவில்லை. கீழ்ப்பாலூர் கூட்டுரோட்டை எவ்வாறு மாற்றியமைப்பது என்று ஊராரிடம் கருத்துக் கேட்பதற்காக நெடுஞ்சாலைத் துறை அந்தக் கல்யாண மண்டபத்தை ஒரு முற்பகலுக்குக் கேட்டு வாங்கியிருந்தது. மண்டபத்துக்காரர்களோ அலங்காரத்தைக் கழற்ற நேரமில்லாமல் அதிகாரிகளை அப்படியே மேடையில் ஏற்றிவிட்டார்கள். ஆகவே, கோட்டப் பொறியாளர் தாமோதரன் சிவப்பு வெல்வெட் போர்த்திய மாப்பிள்ளை நாற்காலியிலும், அவருக்குக் கீழே பணிபுரியும் அவள் அதற்கு இணையான மற்றதிலும் அமர நேர்ந்தது. "மாப்ள சார் மொதல்ல பேசட்டும்பா!" என்று பின்வரிசையிலிருந்து எவரோ குரல்கொடுக்க, மண்டபமே சிரித்தது. தாமோதரன் சிரித்தார். அவளும் சிரித்திருக்க வேண்டும், ஏனெனில் கன்னத்தில் ஓர் இறுக்கம் மிஞ்சியிருந்தது. வாடிய மல்லிகையின் வாசமும் ஆறிப்போன ரசத்தின் வாசமும் கலந்து மின்விசிறிகளின் கீழே சுழன்றன. சன்னல்களுக்கு அப்பால் கூட்டுரோடு கத்திக்கொண்டிருந்தது. அந்தக் கத்தலை அவளால் வார்த்தை வார்த்தையாகப் பிரிக்க முடியும்: இது ரயில்நிலையச் சாலையின் வாயில் ஷேர் ஆட்டோக்களுக்குப் பின்னால் மாட்டிக்கொண்ட டவுன் பஸ், இது ஏரிக்கரைச் சாலையிலிருந்து திரும்ப முனையும் தண்ணீர் லாரி, இது யாருக்காகவும் அல்லாமல் வெறும் ஆற்றாமையால் அடிக்கப்படும் ஒலிப்பான். நோயாளியின் இருமலைக் கேட்டே சளி எங்கே கட்டியிருக்கிறது என்று சொல்லும் மருத்துவரைப்போல் அவள் அந்த இரைச்சலைக் கேட்கப் பழகியிருந்தாள். ஆனால், மருத்துவருக்கு அந்த நோயாளியின்மேல் வெறுப்பு இருப்பதில்லை.

அவள் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. பெருஞ்சாலையின் ஒரு பக்கம் ரயில்நிலையச் சாலையும் எதிர்ப்பக்கம் ஏரிக்கரைச் சாலையும் வந்து முட்டுகிற இடத்தில், பேருந்துகள் சந்தியின் தொண்டையிலேயே நின்று ஆட்களை இறக்குகின்றன. அந்த நிறுத்தத்தைச் சற்று அப்பால் நகர்த்த வேண்டும். இடப்பக்கம் திரும்புகிற வளைவு அகன்று கிடப்பதால் எவரும் வேகம் குறைப்பதில்லை. அதைக் குறுக்கி இறுக்க வேண்டும். கடைசியாக, சாலையின் நடுவே இடுப்பளவு தடுப்பும் கால்வைக்கச் சிறு மேடையுமாக ஒரு திட்டு. பாதிச் சாலையைக் கடந்தவர் அங்கே நின்று, மூச்சு விட்டு, அடுத்த பாதியில் என்ன வருகிறது என்று பார்த்துவிட்டுக் கடக்கலாம். முதலிரண்டும் நெரிசலுக்காக, மூன்றாவது உயிருக்காக. முதலிரண்டையும் பேரத்தில் விட்டுக்கொடுப்பதற்காகவே அவள் வரைபடத்தில் வைத்திருந்தாள் என்று தாமோதரனிடம்கூடச் சொன்னதில்லை. அவை போனால் போகட்டும். வரைபடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு நீண்ட நெல்மணிபோல் கிடக்கிற அந்தத் திட்டு மட்டும் இன்று மண்டபத்தை விட்டு உயிரோடு வெளியேற வேண்டும். 'உயிரோடு' என்றா நினைத்தேன், சிமெண்டுக்கு ஏது உயிர் என்று தன்னையே திருத்திக்கொண்டாள். ஆனாலும் அந்தச் சொல் போகவில்லை, பல்லிடுக்கில் சிக்கிய நார்போல் நாக்கு அதனிடமே திரும்பத் திரும்பப் போயிற்று. இந்தக் கோட்டத்துக்கு மாற்றல் வேண்டும் என்று அவள் ஏன் கேட்டாள் என்பது இங்கே எவருக்கும் தெரியாது. தெரிந்தால், சொந்தத் துக்கத்தை அலுவலில் கலந்துவிட்டாள் என்று சொல்லி அவளை இதிலிருந்து எடுத்துவிடுவார்கள், எடுப்பது சரியும்கூட. வேறொருவர் அப்படிச் செய்திருந்தால் அவளே எடுத்திருப்பாள்.

வணிகர் சங்கச் செயலாளர் லோகநாதன் எழுந்தார். கூட்டுரோட்டின் முனையில் செல்போன் கடை வைத்திருப்பவர். வெள்ளைச் சட்டைப் பையில் எப்போதும் இரண்டு கைப்பேசிகள். "மேடம், நீங்க படிச்சவங்க, ஒங்களுக்குத் தெரியாததில்ல. பஸ் ஸ்டாப்ப அந்தாண்ட தள்ளிட்டீங்கன்னா எறங்கறவன் அப்படியே வூட்டப் பாக்கப் போயிடுவான். எங்க கடைக்கு ஈகூட ஆட்டோ புடிச்சித்தான் வரணும்." மண்டபம் சிரித்தது. "ஈக்கு நீங்களே ஒரு ரீசார்ஜ் போட்டு வுடுங்கண்ணே" என்றது ஒரு குரல். லோகநாதன் சிரிக்கவில்லை. "சிரிப்பா இருக்கும்டா ஒனக்கு. என் கடை, பக்கத்துல டெய்லரு, அந்தாண்ட ஜூஸ் கடை, எல்லாம் அந்த ஸ்டாப்ப நம்பித்தான் பொழைக்குது" என்றபோது அவர் குரல் மெய்யாகவே தழுதழுத்தது. அதுதான் துன்பம் என்று மங்கையர்க்கரசி எண்ணினாள், இவர்களுள் ஒருவர்கூடப் பொய் சொல்லவில்லை, ஒருவரும் கெட்டவர் இல்லை. கெட்டவர் ஒருவர் இருந்திருந்தால் அவரோடு சண்டையிட்டுத் தோற்றுப்போகும் ஆறுதலாவது மிஞ்சியிருக்கும். ஒவ்வொருவரும் தமக்கு நியாயமான சிறு அளவைத்தான் கேட்கிறார்கள், ஒரு சாண், ஒரு நிமிடம், கடைவாசலுக்கு முன்னால் ஒரு நிழல். அந்த நியாயங்களையெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் அவற்றின் அடியில் ஒரு மனிதர் நசுங்கிப்போகிறார். தாமோதரன் அவள் பக்கம் சாய்ந்து, "விட்டுக்குடுத்துடலாமேம்மா" என்றார். மேடைக்கு முன்னால் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு நின்ற வார்டு கவுன்சிலர் ஞானசுந்தரமும் அவள் முகத்தைப் பார்த்தார். "பேருந்து நிறுத்தம் இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும்" என்று அவள் சொன்னாள். கைத்தட்டல் எழுந்தது. லோகநாதன் இரண்டு கைகளையும் கூப்பினார்.

கூப்பிய கைகள். அவற்றைத்தான் அவள் பார்க்கக் கூடாது. தங்கை திலகவதியும் கைகூப்பினாள் என்றார் அந்த டவுன் பஸ் ஓட்டுநர். சாவு வீட்டுக்கு வந்து, காக்கிச் சட்டையோடு தரையில் உட்கார்ந்து, அப்பாவின் பாதங்களைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "நான் வழிவுட்டேன் சாமி. பாவம், ரொம்ப நேரமா ஓரத்துல நின்னுகினு இருந்துச்சு, ஒருத்தனும் நிறுத்தல. நான் பிரேக் போட்டு, கைய வெளிய நீட்டி, போம்மா போம்மான்னு சொன்னேன். அது என்னப் பாத்து கும்புட்டுச்சு. கும்புட்டுக்கினே போச்சு." நின்ற பேருந்தின் மறைவில் அவள் கடந்தாள்; பேருந்து ஏன் நின்றது என்று அறியாத, அறிய நேரமில்லாத ஒரு வேன், நடுக்கோட்டைத் தாண்டி அதை வலப்புறமாக முந்திக்கொண்டு வந்தது. அவ்வளவுதான். இதில் குற்றவாளி எவன்? வேன் ஓட்டியவன் என்று நீதிமன்றம் சொல்லிற்று. அவன் தண்டனை பெற்றான், அதனால் எதுவும் மாறவில்லை. கருணைதான் அவளைக் கொன்றது என்று மங்கையர்க்கரசிக்கு ஒரு நாள் தோன்றியது. தோன்றியதும் அந்த எண்ணத்தின் அருவருப்பில் அவள் எழுந்துபோய் முகம் கழுவினாள், கழுவிய பிறகும் அது அங்கேயே இருந்தது. இந்த ஊர்களில் சாலையைக் கடப்பது என்பது எவரேனும் ஒருவர் மனமிரங்குவது. உள்ளங்கையைக் காட்டி இறைஞ்ச வேண்டும், கண்ணைச் சந்திக்க வேண்டும், ஒருவர் தயவு காட்ட வேண்டும், பிறகு தலையைக் குனிந்துகொண்டு ஓட வேண்டும். அந்தக் குனிதல்தான் அவளை விடவில்லை. திலகவதி ஏன் குனிந்தாள்? நன்றிக்காகவா, புடவைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடிக்கவா, பள்ளம் பார்க்கவா? இல்லை, ஓட்டுநர் தமக்கு ஓர் ஆறுதல் வேண்டிக் கற்பித்துக்கொண்டாரா? அப்பா இருவரையும் அப்படித்தான் வளர்த்தார், பயணச்சீட்டுக் கொடுக்கும் நடத்துநருக்குக்கூட நன்றி சொல்லாமல் நகரக் கூடாது. நன்றி சொல்லிக்கொண்டே போனவளுக்கு இன்னொரு பக்கம் பார்க்க ஒரு கணம் குறைந்துபோயிற்று. அந்த ஒரு கணத்தை எங்கே வைப்பது? சிமெண்டில்தான் வைக்க முடியும். ஒரு திட்டு. அங்கே நிற்பவர் எவருக்கும் கைகூப்ப வேண்டியதில்லை. யாருடைய நல்ல குணத்தையும் நம்பியிராத ஒரு சாலை. இதைச் சொன்னால், என்ன மேடம் இவ்வளவு கசப்பாகப் பேசுகிறீர்கள் என்பார்கள்.

"மேடம் தூங்கிட்டாங்களா?" என்றது பின்வரிசை. அவள் நிமிர்ந்தாள். பள்ளி வேன் ஓட்டும் ஏசுபாதம் எழுந்து நின்று வெகுநேரமாகப் பேசிக்கொண்டிருந்தார் போலும். "அந்த வளைவ இறுக்குனா என் வண்டி ஒரே தூக்குல திரும்பாது மேடம். ரிவர்ஸ் எடுக்கணும். உள்ள பூரா புள்ளைங்க. பின்னாடி நிக்கறவன் ஹாரன்ல ஆரம்பிச்சி எங்க அம்மா வரைக்கும் வந்துடுவான். புள்ளைங்க அதையும் சேத்துக் கத்துக்கும்." வளைவு குறுகினால் வாகனம் மெதுவாகத் திரும்பும், மெதுவாகத் திரும்பினால் கடக்கிறவர் பிழைப்பார், அதற்காகத்தான் என்று அவள் விளக்கினாள். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, "நான் மெதுவாத்தான் போவேன் மேடம். பின்னாடி வர்றவனுக்கு யாரு சொல்றது?" என்றார். பின்னால் வருகிறவன். இந்த மண்டபத்துள் அமர்ந்திருக்கும் அனைவரும் நல்லவர்கள், எல்லாத் தீங்கும் பின்னால் வருகிறவன் செய்வது. அவன் ஒருபோதும் கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு வருவதில்லை, அவனுக்கு முகமில்லை, அவன் எப்போதும் முந்திக்கொண்டே இருக்கிறான். வீட்டுக்குப் போகும்போது இவர்களுள் ஒவ்வொருவரும் வேறு எவருக்கோ பின்னால் வருகிறவர் ஆகிவிடுவார். நானும்தான், நேற்று ஜீப்பில் வரும்போது ஓட்டுநரை, சீக்கிரம் போங்கள் என்று நான் சொல்லவில்லையா? தாமோதரன் மீண்டும் சாய்ந்தார். வளைவும் போயிற்று. மேசைமேல் கிடந்த நகலில் பென்சிலால் அதை அடித்தபோது, மீன் செதிலைச் சுரண்டுவதுபோல் ஒரு சத்தம் கேட்டது. போகட்டும். போகட்டும் என்றுதானே வைத்திருந்தேன். ஆனால், இரண்டை விட்டுக்கொடுத்தவளிடம் மூன்றாவதை எளிதாகக் கேட்கலாம் என்று கூட்டம் கற்றுக்கொண்டுவிட்டது என்பதை அவள் அந்தக் கணத்தில்தான் உணர்ந்தாள். பேரத்தின் முதல் பாடத்தையே பிழையாகப் படித்திருந்தாள். இறங்கத் தொடங்கியவரை எவரும் பாதிப் படியில் நிற்க விடுவதில்லை.

"அப்புறம் அந்த நடுத் திட்டு" என்று ஞானசுந்தரமே தொடங்கினார். தயங்கித் தயங்கி, அவளைப் புண்படுத்திவிடக் கூடாது என்ற கவலையோடு தொடங்கினார். "மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. செல்லியம்மன் தேரு ஏரிக்கரையிலேருந்து வந்து அங்கதான் திரும்புது. பரம்பரையா திரும்புது. நடுவுல கல்லு கட்டுனா தேரு எங்க போவும்?" இதற்கு அவள் ஆயத்தமாக இருந்தாள். சென்ற திருவிழாவில் கூட்டத்தோடு கூட்டமாக நின்று, தேர்ச்சக்கரங்கள் தாரில் பதித்த தடங்களை அவள் அளந்திருந்தாள். குனிந்து தடத்தைத் தொட்டவளைப் பக்தை என்று எண்ணி, அர்ச்சகர் நெற்றியில் குங்குமம்கூட இட்டார். திட்டின் அந்த முனையைச் சரிவாக, சக்கரம் ஏறி இறங்கும்படி வரைந்திருப்பதாகச் சொன்னாள். ஏறி இறங்கினால் அம்மனுக்குக் குலுங்கும் என்றார் ஒருவர். தேர் ஏறுகிற திட்டில் செருப்புக் காலோடு நிற்கலாமா என்றார் வேறொருவர். மண்டபத்து மேலாளர் கையைத் தூக்கி, மாப்பிள்ளை அழைப்புக் கார் அந்த இடைவெளியில்தான் திரும்பி மண்டபத்துக்குள் வருகிறது, நல்ல நேரத்துக்குள் திரும்பியாக வேண்டும் என்றார். "திட்டு கட்டுனா மறுநாளே கன்னியம்மா அதுல பூக்கடை போட்டுடும்" என்றான் முன்வரிசையில் இருந்த ஓர் ஆட்டோக்காரன். கூட்டுரோட்டின் மூலையில் பூ விற்கும் கன்னியம்மா சுவரோரத்திலிருந்து எழுந்தே விட்டாள். "ஆமாண்டா, போடுவேன். கட்டுன பொண்டாட்டிக்கு ஒரு மொழம் பூ வாங்கினு போயிருக்கியாடா நீ? பேச வந்துட்டான்." சிரிப்பு அடங்க வெகுநேரமாயிற்று. மங்கையர்க்கரசியும் இம்முறை மெய்யாகவே சிரித்தாள். இவர்களோடு சிரிக்க முடிகிறதே என்று வியந்தாள், இப்படியொரு மூலையில் திலகவதியும் ஒருநாள் நின்று, இதே கன்னியம்மாவிடம் பூ வாங்கி, இப்படி ஏதேனும் கேட்டுச் சிரித்திருப்பாள். அவள் எதற்கும் சிரிப்பாள். சிரிக்கும்போது மேலுதட்டைக் கையால் மறைத்துக்கொள்வாள்.

கன்னியம்மா உட்காரவில்லை. சிரித்த முகம் அப்படியே இருக்க, குரல் மட்டும் தணிந்தது. "யம்மா, நான் காலையிலேருந்து பொழுது சாயற வரைக்கும் அந்த ரோட்டப் பாத்துக்கினுதான் ஒக்காந்துக்கினு இருக்கேன். திட்டு கட்டி என்னா பண்ணும்? ஜனங்களுக்குப் புத்தி வேணும். ரெண்டு வருசத்துக்கு முந்தி ஒரு பொண்ணு, நல்லா படிச்ச பொண்ணு, போன்ல பேசிக்கினே வந்து வேன்ல வுழுந்துச்சு. அதுக்குத் திட்டு என்னா பண்ணியிருக்கும்?" லோகநாதன் தலையசைத்தார். "ஆமாமா. அந்த லைப்ரரிப் பொண்ணு. காதுல போனு. எல்லாரும் பாத்தோம்." மண்டபம் முழுவதும் ஒரு 'த்சொ' எழுந்து பரவியது. போன். மங்கையர்க்கரசியின் மனம் அந்தச் சொல்லின் முன் நின்றது. கிளை நூலகத்தில் வேலை பார்த்தவள் திலகவதி. உள்ளே நுழையும்போதே கைப்பேசியை அணைத்து, கைக்குட்டையில் சுற்றி, பையின் அடியில், உணவுப் பாத்திரத்துக்குக் கீழே வைத்துவிடுவாள். வீட்டு வாசலில்தான் மறுபடி எடுப்பாள், எத்தனை முறை திட்டியிருக்கிறேன், அவசரத்துக்குக்கூட உன்னைப் பிடிக்க முடிவதில்லையே என்று. மருத்துவமனையில் அந்தப் பையை அவளிடம்தான் கொடுத்தார்கள். பாத்திரம் நசுங்கியிருந்தது, அதன் அடியில் கைக்குட்டைக்குள் அந்தக் கைப்பேசி, ஒரு கீறலும் இல்லாமல், அணைந்தபடி, குளிர்ந்து. எல்லாரும் பார்த்தோம். இவர்கள் பொய் சொல்லவில்லை. பார்த்தே இருக்கிறார்கள், இல்லாதது அவர்கள் கண்ணுக்குள் வளர்ந்திருக்கிறது. ஏனென்றால், காதில் கைப்பேசி இல்லாமல், இரண்டு பக்கமும் பார்த்து, கைகூப்பி, எல்லாவற்றையும் சரியாகச் செய்த ஒருத்தி அங்கே செத்தாள் என்றால், பிறகு எவர்தான் அந்தச் சாலையில் இறங்க முடியும்? அவளுக்கு ஒரு பிழையைச் சூட்டினால்தான் மற்றவர்கள் நாளைக் காலை வேலைக்குப் போக முடியும். இதைக்கூட அவளால் விளங்கிக்கொள்ள முடிந்தது. விளங்கிக்கொள்ள முடிந்ததுதான் தாங்க முடியாததாக இருந்தது. எழுந்து நின்றுவிட்டாள் என்பது, வெல்வெட் நாற்காலி பின்னால் சரிந்து விழுந்த சத்தத்தில்தான் அவளுக்கே தெரிந்தது.

"அது போன்ல பேசல" என்றாள். "அது என் தங்கச்சி." மண்டபத்தில் மின்விசிறிகளின் ஒலி மட்டும் மிஞ்சியது. அவள் பேசினாள். பேருந்து நின்றது, ஓட்டுநர் கையை நீட்டியது, மறைவிலிருந்து வேன் வந்தது, எல்லாவற்றையும் பொறியாளர் சொல்வதுபோல் ஒழுங்காகச் சொல்லிக்கொண்டு வந்தவள், "அவளுக்கு நடுவுல நிக்க ஒரு எடம் இருந்திருந்தா வலது பக்கம் பாத்திருப்பா. நின்னு பாத்திருப்பா. எனக்கு வேற எதுவும் வேணாம், அந்த எடத்த மட்டும் குடுங்க" என்று முடித்தாள். தன் குரல் ஒலிபெருக்கியில் ஒரு நொடி பிந்தித் தன்னிடமே திரும்பியது. 'குடுங்க' என்ற அந்த இரப்பு தன்னுடையதுதானா என்று அவள் கூசினாள். ஒருவரிடமும் இறைஞ்சாத ஒரு சாலையைக் கேட்க வந்தவள் இறைஞ்சிக்கொண்டிருந்தாள். ஆயினும் ஒரு நம்பிக்கை, ஒரு கீற்று, அந்த அமைதிக்குள் எழுந்தது, இதோ இவர்களுக்குப் புரிந்துவிட்டது, இத்தனை கண்கள் நனைந்திருக்கின்றனவே, இனி எவர் தேரைப் பற்றிப் பேசுவார், எவர் காரைப் பற்றிப் பேசுவார். கன்னியம்மா மேடையேறி வந்துவிட்டாள். இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதாள். "தெரியாம சொல்லிட்டேன் தாயே, என் நாக்கு அழுவ. நான்தாம்மா அதும் மூஞ்சிய என் முந்தானையால மூடனேன். ஈ மொய்க்கக் கூடாதுன்னு நான்தான் பக்கத்துலயே ஒக்காந்திருந்தேன்." அந்தக் கைகள் ஈரமாகவும் நாரின் கீறல்களோடும் இருந்தன, மல்லிகையாய் மணத்தன. திலகவதியின் முகத்தைக் கடைசியாகத் தொட்டவை இவை. அவற்றை விட்டுவிட மங்கையர்க்கரசிக்கு மனம் வரவில்லை. தாமோதரன் விழுந்த நாற்காலியைத் தாமே எடுத்து நிறுத்தினார். அவள் காதருகே மிக மென்மையாகச் சொன்னார்: "முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதாம்மா? இவ்வளத்தையும் மனசுல வெச்சிக்கிட்டு... ஒங்களுக்கு வேற வேல குடுத்திருப்பேனே. நாளையிலேருந்து நீங்க இத பாக்க வேணாம். நான் பாத்துக்கறேன்." அவர் சொன்னதில் குற்றம் காண ஒரு சொல்லும் இல்லை.

ஞானசுந்தரம் ஒலிவாங்கியை வாயருகே உயர்த்தினார். "மேடம், இந்த ஊரு ஒங்க தங்கச்சிய மறக்காது. நான் சொல்றேன். அங்க ஒரு வளைவு வெப்போம். அலங்கார வளைவு. மேல அவங்க பேரு." அடுத்த கணம் மண்டபம் கைத்தட்டியது. எவரும் இதுவரை அங்கே அப்படித் தட்டியதில்லை, சன்னலுக்கு வெளியே கூட்டுரோடே அடங்கிவிட்டதுபோல் இருந்தது. வணிகர் சங்கம் செலவை ஏற்கும் என்று லோகநாதன் எழுந்து அறிவித்தார். சொல்லும்போது அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஏசுபாதம், பிள்ளைகளுக்கு அந்தப் பெயரைச் சொல்லிக்கொடுக்கிறேன் என்றார். நெடுஞ்சாலையின் குறுக்கே வளைவு வைப்பதற்கு எளிதில் அனுமதி கிடைக்காது என்று எவரேனும் சொல்லுவார்கள் என்று அவள் தாமோதரனைப் பார்த்தாள். "பர்மிஷன் எம் பொறுப்பு" என்றார் அவர், அவளைப் பார்த்து, ஒரு பரிசைக் கொடுப்பவரைப்போல. "அப்ப தேரு?" என்றது பின்வரிசைக் குரல். "தேர அந்தாண்டையா சுத்தி வுட்டுக்கலாம்பா" என்றார் ஞானசுந்தரம். "ஒரு நாள் கூத்து. இதுக்குக்கூட அம்மா நவந்துக்க மாட்டாளா? மாப்ள காரும் அப்படித்தான், கொஞ்சம் சுத்திக்கினு வரட்டும்." மேலாளர் உடனே தலையசைத்தார். நகர மாட்டாத தேர் நகர்ந்துவிட்டது. நல்ல நேரம் காத்திருக்க ஒப்புக்கொண்டது. உயிரோடிருப்பவர்கள் நிற்பதற்குக் கிடைக்காத இடம், இறந்தவளின் பெயர் நிற்பதற்குக் கிடைத்துவிட்டது. அவள் வாயைத் திறந்தாள். வேண்டாம் என்று சொல்ல வேண்டும். இந்த முகங்களைப் பார்த்து, இப்போதுதான் தங்களைப் பற்றித் தாங்களே நல்லவிதமாக எண்ணத் தொடங்கியிருக்கும் இந்த முகங்களைப் பார்த்து, உங்கள் அன்பு எனக்கு வேண்டாம் என்று எந்த மொழியில் சொல்வது? அப்பாவுக்குத் தெரிந்தால் அழுவார், மகிழ்ந்து அழுவார், அந்த வளைவின் கீழே நின்று அண்ணாந்து பார்ப்பார். சாலையில் நின்று அண்ணாந்து பார்ப்பார்.

"ரோடு அகலம் மேடம்" என்று ஞானசுந்தரம் அருகே வந்து, வரைபடத்தில் விரல் வைத்துப் பணிவாகக் கேட்டார். "ரெண்டு ஓரத்துத் தூணு மட்டும் தாங்காதுன்றாங்க. நடுவுல ஒண்ணு வரணும். இங்க வரலாமா?" அவருடைய விரல் அந்தச் சாம்பல் நெல்மணியின்மேல் இருந்தது. தூணும் மனிதரும் ஒருங்கே நிற்க அங்கே அகலமில்லை. தூணின் பருமனுக்குப் பின்னால் நின்று கடக்க முயல்பவரை வருகிற வாகனம் காணாது, வருகிற வாகனத்தை அவரும் காணமாட்டார். இது அவளுக்கு எவ்வளவு தெளிவாகத் தெரிந்ததென்றால், அங்கே நிற்கப்போகிற பெண்ணின் புடவை நிறத்தைக்கூட அவளால் சொல்லிவிட முடியும் போலிருந்தது. மண்டபத்தார் அனைவரும் அவளையே பார்த்தனர். கன்னியம்மா இன்னும் அவள் இடக்கையை விடவில்லை. "வளைவு தண்ணீர் லாரிக்கு இடிக்காத உயரத்தில் இருக்க வேண்டும்" என்று அவள் சொல்லிக்கொண்டிருந்தாள், சொல்வது தன் குரல்தான், எழுத்துமொழியில், அலுவலகத்தில் பேசுவதுபோல, "தூணின் அடிக்கல் ஆழமாகப் போக வேண்டும், இரவில் தெரியும்படி ஒளிர்பட்டை ஒட்ட வேண்டும்." வலக்கையில் பென்சில் இருந்தது. அது திட்டை அடித்துவிட்டு, அதே இடத்தில் தூணுக்கான ஒரு சிறு வட்டத்தைப் போட்டது. வட்டம் கோணலாக விழவே, அவள் அதை அழித்து, மறுபடியும் செம்மையாகப் போட்டாள். "வரலாம்" என்றாள்.